ஏற்றமும் காற்றும்: நெடுந்தூர சைக்கிள் பயணத்தின் இயற்பியல்

சமதளமான தார்ச்சாலையில், காற்று அசையாத காலையில், நிமிர்ந்து உட்கார்ந்து மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிள் ஓட்டுகிறவரின் கால்கள் தரவேண்டிய திறன் ஏறத்தாழ 40 வாட். ஆளும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துப் போட்ட கணக்கு இது. பழைய குண்டு பல்பு ஒன்று எரிவதற்கு வேண்டிய மின்சாரமும் அவ்வளவுதான். உடல்நலமுள்ள பெரும்பாலோர் கொஞ்சம் பழகினால் இந்தத் திறனை மணிக்கணக்கில் தரமுடியும். வயதோ ஆண் பெண் என்ற வேறுபாடோ பெரிய தடையில்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்த்து சைக்கிள் கற்றுக்கொண்ட பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு ஓட்டியதற்குப் பின்னால் அவர்களுடைய துணிச்சலோடு இந்தச் சிறிய எண்ணும் இருக்கிறது.

1973இல் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் எஸ். எஸ். வில்சன் எழுதிய கட்டுரை ஒன்று, ஒரு கிலோ எடையை ஒரு கிலோமீட்டர் நகர்த்த எந்த உயிரினம், எந்த எந்திரம் எவ்வளவு ஆற்றல் செலவழிக்கிறது என்று ஒப்பிட்டது. நடக்கும் மனிதர் அந்த வரிசையில் நடுவே எங்கோ நின்றார். அவரே சைக்கிளில் ஏறியதும் செலவு ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்து, எல்லாவற்றுக்கும் முன்னால் போய்விட்டார். காரணம் எளிது. நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் உடலின் எடை சற்று உயர்ந்து தாழ்கிறது. கால் முன்னே ஊன்றி உடலை நிறுத்துகிறது, பின் தள்ளுகிறது. சைக்கிளில் எடையைச் சீட் தாங்கிக்கொள்கிறது. உடலிலேயே பெரிய தசைகளான தொடைத் தசைகளுக்குச் சுற்றும் வேலை மட்டுமே மிஞ்சுகிறது. சுத்தமாக எண்ணெயிட்ட செயின் அந்த வேலையில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கை மட்டும் வீணாக்கிவிட்டு மீதியைப் பின்சக்கரத்துக்குக் கொடுத்துவிடுகிறது.

செலவு இவ்வளவு குறைவாக இருப்பதால் இன்னொன்றும் நடக்கிறது. நெடுந்தூரம் ஓட்டுகிறவர்களின் இன்பத்துக்கு வேர் அதுதான். மேற்சொன்ன 15 கிலோமீட்டர் வேகத்தில் வண்டியை எதிர்க்கும் மொத்த விசை சுமார் 9 நியூட்டன். ஒரு கிலோவுக்கும் சற்றுக் குறைந்த எடையைக் கையில் தூக்கிப் பிடிப்பதற்குச் சமம். சாலை நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற கணக்கில் உயர்ந்தால் அதனால் கூடும் விசை 8 நியூட்டனுக்கும் மேல். கண்ணுக்கு மேடு என்றே தெரியாத அந்தச் சரிவு உழைப்பை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிவிடும். காரில் போகிறவர் அதை அறிய வழியே இல்லை. நடப்பவருக்கும் தெளிவாகத் தெரியாது, நடையின் செலவு ஏற்கெனவே பெரிது என்பதால் இந்தச் சிறு கூடுதல் அதில் மறைந்துவிடும். சைக்கிளில் போகிறவருக்கு மட்டும் கால் சொல்லிவிடுகிறது. ஏரிக்கரை எங்கே தொடங்குகிறது, வாய்க்கால் எந்தப் பக்கம் சரிகிறது, ஊர் எந்த மேட்டில் உட்கார்ந்திருக்கிறது என்பதெல்லாம் மிதிக்கும் அழுத்தத்திலேயே தெரியவரும். நிலத்தின் வடிவத்தை உடலால் வாசிக்க மனிதர் கண்ட கருவிகளில் இதைவிட நுட்பமானது இல்லை எனலாம்.

காவிரிப் படுகையில் இது வேறு விதமாகப் புலப்படும். தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் வரை நிலம் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட இறங்குவதில்லை. அங்கே கால் உணரும் ஏற்றங்கள் பெரும்பாலும் மனிதர் எழுப்பியவை: ஆற்றங்கரை, மதகுப் பாலம், ரயில் கேட்டை ஒட்டிய மேடு. பாலத்தில் ஏறி இறங்கும்போதெல்லாம் ஓர் ஆறோ வாய்க்காலோ கடக்கிறது. கிளை கிளையாகப் பிரியும் படுகையின் அமைப்பைப் படத்தில் பார்ப்பதைவிட இப்படி எண்ணிக்கொண்டே போவது நன்றாக மனதில் பதியும்.

சமதளத்தில் ஓட்டுகிறவரின் எதிரி காற்று. டயர் உருள்வதால் வரும் தடை வேகத்தைப் பொறுத்து அதிகம் மாறுவதில்லை. காற்றுத்தடையோ வேகத்தின் வர்க்கமாக ஏறும். அதை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் கனமாக ஏறும். 15 கிலோமீட்டரில் 40 வாட்டாக இருந்தது, 20இல் 75 வாட், 25இல் 130 வாட், 30இல் 200 வாட்டைத் தாண்டிவிடும். வேகம் இரு மடங்கு, உழைப்பு ஐந்து மடங்கு. 15 கிலோமீட்டரில் காற்றின் பங்கு பாதிக்குச் சற்று மேல். 30இல் ஐந்தில் நான்கு பங்குக்கும் அதிகம். பந்தய வீரர்கள் முதுகை வளைத்துக் குனிவதும், ஒருவர் பின் ஒருவராக ஒட்டிப் போவதும் இதனால்தான். முன்னால் போகிறவரின் பின்னே ஒண்டினால் காற்றுத்தடை மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் மேலோ குறையும். ஊர் பார்க்கப் போகிறவர் இந்தப் பாடத்தைத் தலைகீழாகப் படிக்கலாம்: வேகத்தை 25இலிருந்து 18க்குக் குறைத்தால் உழைப்பு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். இருவர் பக்கத்தில் பக்கத்தில் பேசிக்கொண்டே போகவும் அந்த வேகம்தான் ஏற்றது.

வீசும் காற்றின் கணக்கு இன்னும் கடுமையானது. சீராக 100 வாட் தரும் ஒருவர் காற்றில்லாத நாளில் மணிக்கு 22 கிலோமீட்டருக்குச் சற்று மேலே போவார். 15 கிலோமீட்டர் வேகத்தில் காற்று எதிரே அடித்தால் அவர் வேகம் 15க்குச் சற்றுக் கீழே இறங்கும். அதே காற்று முதுகில் அடித்தால் 32 வரை ஏறும். போகும்போது இழந்ததைத் திரும்பும்போது மீட்டுவிடலாம் என்று தோன்றும். ஆனால் 40 கிலோமீட்டர் போய்த் திரும்பும் பயணத்துக்குக் காற்றில்லாத நாளில் மூன்றரை மணி நேரம்தான். காற்றுள்ள நாளில் நான்கு மணி நேரம். மெதுவாகப் போகும் பகுதியில் அதிக நேரம் கழிவதால் காற்று எடுத்துக்கொண்டதை முழுவதும் திருப்பித் தருவதில்லை. பக்கவாட்டில் அடிக்கும் காற்றும் நடுநிலை வகிப்பதில்லை. அது ஓட்டத்தின் காற்றோடு சேர்ந்து உடலைச் சுற்றும் காற்றின் மொத்த வேகத்தைக் கூட்டிவிடுவதால் முன்னோக்கிய தடையும் கூடுகிறது. காற்று எல்லாத் திசையிலிருந்தும் சம வாய்ப்போடு வீசினாலும், அது உதவுகிற திசைகள் பாதிக்கும் குறைவு.

இதைச் சோதித்துப் பார்க்கப் பாலக்காட்டுக் கணவாயைவிட நல்ல இடம் தென்னிந்தியாவில் அரிது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்கு விழுந்த இந்த இடைவெளியில் தென்மேற்குப் பருவக்காற்று நெருக்கிக்கொண்டு நுழைந்து வேகம் பிடிக்கிறது. உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகள் வரிசைகட்டி நிற்பதற்குக் காரணம் அதுவே. பொள்ளாச்சி கடல்மட்டத்திலிருந்து சுமார் 290 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, பாலக்காடு 80 மீட்டரை ஒட்டி. இடையே 45 கிலோமீட்டர் அளவுக்குச் சாலை, மொத்தத்தில் இறக்கம்தான். அந்த இறக்கம் தரும் உதவி, டயர் உருளும் தடையைச் சரியாகக் கழித்துவிடும் அளவுக்கு இருக்கும். ஆனால் ஆடி மாதத்தில் 25 கிலோமீட்டர் வேகத்தில் மேற்கிலிருந்து காற்று அடிக்கும் ஒரு பிற்பகலில், 100 வாட் தரும் ஒருவர் இந்த இறக்கத்தில் மணிக்கு 12 கிலோமீட்டரைத் தாண்டமாட்டார். அதே காற்றில் பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சிக்கு மேடேறித் திரும்பும்போது கணக்குப்படி வேகம் 34! இறக்கத்தில் நடந்து போவதைப் போலவும் ஏற்றத்தில் பறப்பதைப் போலவும் ஆகிவிடும். வண்டியின் குறை என்று நினைத்துப் பிரேக் கட்டையைத் தொட்டுப் பார்க்கிறவர்கள் உண்டு. குறை காற்றின் திசையில் இருக்கிறது.

பின்காற்றுக்குத் தனியொரு குணம் உண்டு. வண்டியின் வேகமும் காற்றின் வேகமும் ஒன்றாகும் நேரத்தில் ஓட்டுகிறவரைச் சுற்றி இருக்கும் காற்று அசையாமல் நின்றுவிடுகிறது. காதில் இரைச்சல் அறுபடும். செயினின் சத்தம், வயலில் பம்புசெட் ஓடும் சத்தம், செம்போத்தின் குரல் எல்லாம் திடீரென்று பக்கத்தில் வந்துவிடும். கூடவே வெப்பமும் ஏறும், வியர்வையை உலர்த்தும் காற்று இல்லாமல் போவதால்.

சாலையோர மரங்களின் அருமையையும் காற்றே கற்பிக்கிறது. அடர்ந்த மரவரிசை, தன் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தொலைவுக்கும் மேலாகக் காற்றின் வேகத்தைத் தணிக்கவல்லது. இருபுறமும் புளியமரங்கள் கவிந்த பழைய சாலைகள் நிழலோடு இந்தத் தடுப்பையும் தந்துவந்தன. நான்குவழிச் சாலைகளுக்காக அவை வெட்டப்பட்ட இடங்களில் வெயிலும் காற்றும் ஒருசேரத் தாக்குகின்றன. சைக்கிளில் போகிறவருக்கு அது உண்மையான, அளந்து சொல்லக்கூடிய இழப்பு.

மலையில் காற்று பின்னுக்குப் போய் எடை முன்னுக்கு வருகிறது. நூற்றுக்கு ஆறு என்ற ஏற்றத்தில் எதிர்ப்பு விசை 50 நியூட்டனைத் தாண்டும். 100 வாட்டுக்கு மணிக்கு ஆறரை கிலோமீட்டர்தான் கிடைக்கும். காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். செங்குத்தான சரிவில் சாலையை மடித்து மடித்து நீட்டினால்தான் அதன் ஏற்றம் வண்டிகளால் தாங்கக்கூடியதாகும். வளைவின் உள்விளிம்பும் வெளிவிளிம்பும் ஒரே உயரத்தைத்தான் ஏறுகின்றன. ஆனால் உள்விளிம்பின் நீளம் குறைவு, ஆகவே அங்கே ஏற்றம் அதிகம். எதிரே பேருந்து வராத நேரத்தில், பார்வை தெளிவாக இருந்தால், வெளிப்பக்கமாகச் சுற்றி ஏறுவது காலுக்கு ஆறுதல்.

85 கிலோவை 1000 மீட்டர் உயர்த்த 830 கிலோஜூல் வேண்டும். தசைகள் உணவின் ஆற்றலில் நான்கில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாகவே வேலையாக மாற்றுவதால் உடல் செலவழிப்பது சுமார் 830 கிலோகலோரி. கால் செய்த வேலையின் கிலோஜூலும் உடல் எரித்த கிலோகலோரியும் ஏறத்தாழ ஒரே எண்ணாக வருவது தற்செயல்தான், ஆனால் வழியில் கணக்குப் போட வசதியான தற்செயல்.

ஏற்றத்தில் கியரின் பங்கு என்ன என்பதையும் எண்களே காட்டும். கியர் இல்லாத சாதாரண சைக்கிள், பெடலின் ஒரு சுற்றுக்கு ஐந்து மீட்டருக்கு மேல் நகரும். மணிக்கு ஆறரை கிலோமீட்டரில் நிமிடத்துக்கு 20 சுற்றுதான் வரும். ஒவ்வொரு சுற்றிலும் பெடலில் சராசரியாக 28 கிலோ எடைக்கு நிகரான அழுத்தம் தரவேண்டும். முன்பல்லும் பின்பல்லும் சம எண்ணிக்கையில் இருக்கும் கியரில் அதே வேகத்துக்கு 50 சுற்று, அழுத்தம் 11 கிலோ. திறன் இரண்டிலும் ஒன்றே. முழங்காலுக்கு மட்டும் இரண்டும் வேறு வேறு. பிரான்ஸின் சான் எத்தியென் நகரத்தில் வாழ்ந்த பால் தெ விவீ (1853–1930) இந்த உண்மைக்காக வாழ்நாளெல்லாம் வாதாடியவர். ‘வெலோசியோ’ என்ற பெயரில் எழுதிய அவர், மலைப்பயணத்துக்குப் பல கியர்கள் வேண்டும் என்று தன் இதழிலும் சாலையிலும் மெய்ப்பித்துக் காட்டினார். டூர் தெ பிரான்ஸ் பந்தயமோ செயினை நகர்த்தும் கியரை 1937 வரை அனுமதிக்கவில்லை. ஊர் சுற்றுகிறவர்கள் பந்தய வீரர்களைவிட முன்பே சரியான முடிவுக்கு வந்துவிட்டார்கள். பசிப்பதற்கு முன் சாப்பிடவேண்டும், தாகம் எடுப்பதற்கு முன் குடிக்கவேண்டும் என்று வெலோசியோ தந்த அறிவுரை இன்றும் வழக்கில் இருக்கிறது.

ஏறிய ஆற்றல் இறக்கத்தில் திரும்பி வருகிறது. நூற்றுக்கு ஆறு சரிவில் மிதிக்காமலே விட்டால் காற்றுத்தடையும் எடையும் மணிக்கு 44 கிலோமீட்டரில்தான் சமனாகும். கொண்டை ஊசி வளைவில் அது ஆபத்தான வேகம். மீதியைப் பிரேக் வெப்பமாக மாற்றவேண்டும். 830 கிலோஜூல் என்பது இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. விளிம்பைப் பிடிக்கும் பிரேக்கை நெடுநேரம் அழுத்திக்கொண்டே வந்தால் விளிம்பு சூடேறி ட்யூப் வெடிக்கக்கூடும். விட்டு விட்டுப் பிடிப்பதும், நிமிர்ந்து உட்கார்ந்து நெஞ்சில் காற்றை வாங்கிக்கொள்வதும், ஓரிடத்தில் நின்று பள்ளத்தாக்கைப் பார்ப்பதும் வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுக்கும் வழிகள்.

டயரைப் பற்றிய பழைய எண்ணம் ஒன்று மாறிவருகிறது. 1888இல் பெல்ஃபாஸ்டில் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றதற்குப் பிறகு நெடுங்காலம், கெட்டியாகக் காற்றடித்த மெல்லிய டயரே வேகமானது என்று நம்பப்பட்டது. பளிங்கு போன்ற தரையில் அது ஓரளவு சரி. ரப்பர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி விரியும்போது கொஞ்சம் ஆற்றல் வெப்பமாகிறது, கெட்டியான டயர் குறைவாக நசுங்கும். ஆனால் குண்டும் குழியுமான சாலையில் அதிரும் வண்டி, ஓட்டுகிறவரின் உடலையும் குலுக்குகிறது. சதையில் அமுங்கும் அந்த அதிர்வும் கால் கொடுத்த ஆற்றல்தான். அகலமான, சற்றுத் தளர்ந்த டயர் கல்லைத் தனக்குள் வாங்கிக்கொண்டு உருள்வதால் கிராமத்துச் சாலைகளில் பின்தங்குவதில்லை, கையும் முதுகும் தப்பிக்கின்றன. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண் மழையில் நனைந்தால் எந்த டயரும் உதவாது. மண் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே அப்பிச் சக்கரத்தையே நிறுத்திவிடும். தூத்துக்குடி மாவட்டத்துத் தேரியின் செம்மணலில் வண்டியை உருட்டிக்கொண்டு நடப்பதே வழி.

இனி உடல். தசையிலும் ஈரலிலும் சேமித்திருக்கும் கிளைகோஜன், தோராயமாக 2000 கிலோகலோரி தரும். 100 வாட்டில் ஓட்டுகிறவர் மணிக்கு 360 கிலோகலோரி எரிக்கிறார். அதில் ஒரு பகுதியைக் கொழுப்பு ஏற்கிறது. ஒல்லியானவர் உடலிலும் கொழுப்பு பல நாளுக்குப் போதுமான அளவில் இருக்கும். வேகம் கூடக்கூட உடல் கிளைகோஜன் பக்கம் சாய்கிறது. மூச்சு வாங்காமல் முழு வாக்கியம் பேசமுடிகிற வேகம், கொழுப்பு நல்ல பங்கு எடுத்துக்கொள்ளும் வேகம். கிளைகோஜன் தீர்ந்துவிட்டால் கால் கனத்து, தலை கிறுகிறுத்து, மனமும் சோர்ந்து உட்கார்ந்துவிடும். மணிக்கு 60 கிராம் வரை மாவுச்சத்தைப் பெரும்பாலோரின் குடல் ஏற்கும். வாழைப்பழம், இட்லி, கடலை மிட்டாய் என்று வழியோரக் கடைகளில் கிடைப்பதே போதும். விலையுயர்ந்த பொட்டலங்கள் தேவையில்லை.

எரித்த ஆற்றலில் முக்கால் பங்குக்கு மேல் வெப்பமாகிறது. 100 வாட் வேலைக்கு 300 வாட்டுக்கு மேல் வெப்பம். அதை வெளியேற்ற மணிக்கு அரை லிட்டர் வியர்வையாவது முழுவதும் ஆவியாகவேண்டும். வெயில் ஏற்றும் சூடு தனி. சமதளத்தில் ஓட்டத்தின் காற்றே விசிறிவிடுகிறது. மலையில் மெதுவாக ஏறும்போது அது இல்லை, ஆனால் ஆயிரம் மீட்டருக்கு ஆறு டிகிரி அளவில் காற்றே குளிர்ந்து ஈடு செய்கிறது. கொல்லிமலையில் அடிவாரத்து முட்புதர்களின் அனலைத் தாண்டி, மிளகுக் கொடியும் காப்பிச் செடியும் தொடங்கும் உயரத்தில் அந்தக் குளிர்ச்சி தோலில் தெரியும். கடற்கரையோரம்தான் கடினம்: காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் வழிந்து வீணாகிறது. வியர்வையோடு உப்பும் போவதால் வெறும் தண்ணீரை மட்டும் மணிக்கணக்கில் குடிப்பது ரத்தத்தின் உப்பளவைக் குறைத்துவிடும். உப்புப் போட்ட நீர்மோர் இரண்டையும் சரிசெய்யும்.

நீண்டநேரம் மிதமாக ஓட்டிய பிறகு வரும் மனநிறைவுக்கு எண்டார்ஃபின்கள் காரணம் என்று சொல்வது வழக்கம். ரத்தத்தில் கூடும் எண்டார்ஃபின் மூளைக்குள் எளிதில் நுழைவதில்லை என்பதால், உடலே சுரக்கும் ஆனந்தமைடு போன்ற பொருள்கள் மீது ஆய்வாளர்களின் கவனம் இப்போது திரும்பியிருக்கிறது. அவை மூளைக்குள் புகக்கூடியவை. மிதமான உழைப்பில்தான் அவை நன்றாகக் கூடுகின்றன என்பதும் ஊர் பார்க்கும் வேகத்தோடு ஒத்துப்போகிறது.

1891இல் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் நகருக்குப் போய்த் திரும்பும் 1200 கிலோமீட்டர் பந்தயத்தை ஷார்ல் தெரோன் 72 மணி நேரத்துக்குள் முடித்து வென்றார். அந்தப் பாதை இன்று பந்தயமில்லை. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, 90 மணி நேர வரம்புக்குள் முடிக்கவேண்டிய பயணமாக நடக்கிறது. அதற்குத் தகுதி தரும் பயணங்கள் 200, 300, 400, 600 கிலோமீட்டர் என்று இந்தியாவிலும் நடக்கின்றன, சென்னையிலிருந்தும் புறப்படுகின்றன. முதலிடம், இரண்டாமிடம் கிடையாது, நேர வரம்பு மட்டுமே. 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம், 300க்கு 20, 400க்கு 27, 600க்கு 40. சாப்பாடு, தூக்கம், பஞ்சர் ஒட்டுவது எல்லாம் சேர்த்துச் சராசரி மணிக்கு 15 கிலோமீட்டர். காற்றும் தசையும் சேர்ந்து மனிதருக்கு வகுத்த வேகத்தை ஒட்டியே விதி அமைந்திருக்கிறது.

ஆகவே பயணத்தைத் திட்டமிடும்போது தூரத்தைவிடத் திசையும் பருவமும் முக்கியம். ஆனி முதல் ஆவணி வரை மேற்கிலிருந்து கிழக்கே போகும் பாதைகள் நல்லவை: பாலக்காட்டிலிருந்து உடுமலை, நாகர்கோவில் பக்கமிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் திருநெல்வேலி. மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வருவதால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து தெற்கே இறங்குவது எளிது. திரும்பும்போது சைக்கிளை ரயிலிலோ பேருந்திலோ ஏற்றிக்கொள்ளலாம். கோடையில் கடற்காற்று முன்பகல் முடியும் வேளையில்தான் எழும், நிலமும் அதற்குள் கொதிக்கத் தொடங்கிவிடும் என்பதால், விடிவதற்கு முன்பே விளக்கோடு புறப்பட்டு, வெயில் உச்சிக்கு வருவதற்குள் அன்றைய தூரத்தின் பெரும்பகுதியைக் கடந்துவிடுவது வழக்கம்.